307 எஞ்சின் வைத்த 69 கமாரோவைத் தொடலாமா, கூடாதா?

கேள்வி, பிப்ரவரி 3

ஓஹையோவில் செவர்லேயின் 1969 கமாரோ ஒன்று விலைக்கு வருகிறது. 307 கன அங்குல வி8 எஞ்சின், இரண்டு கியர் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வாங்கி எல்எஸ்3 என்ற புதுக்கால வி8 எஞ்சினைப் போட நினைக்கிறேன். ஒரிஜினல் எஞ்சினைக் கழற்றினால் அது வெறும் கூடு, பழையபடி மீட்பதுதான் அந்தக் காருக்குச் செய்யும் மரியாதை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பிப்ரவரி 3, இரவு

பாதி சரி. எந்தக் கமாரோ என்று கேட்காமல் இதற்குப் பதில் இல்லை.

69-இல் செவர்லே சுமார் 2,43,000 கமாரோ செய்தது. அதில் இசட்/28 என்ற ரேஸ் ரகம் இருபதாயிரத்துச் சொச்சம். அலுமினிய 427 எஞ்சின் வைத்த இசட்எல்1 மொத்தமே 69 கார். இவற்றில் ஒன்று, பிறந்த எஞ்சினோடு உங்கள் கைக்கு வந்தால் ஒரு நட்டைக்கூட மாற்றாதீர்கள். உங்கள் நண்பர் சொல்வது அங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும்.

307 அப்படியல்ல. அது அந்த வருடத்தில் சாதாரண வீடுகளுக்குப் போன வி8. 200 குதிரைசக்தி என்று விளம்பரம். ஆபீஸுக்கும் மளிகைக் கடைக்கும் ஓடிய கார். அழகாக மீட்டு, நிதானமாக மேம்படுத்த இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. நானும் மிச்சிகனில் இதே போன்ற ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் தொடங்கும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வரியிலேயே எல்எஸ்3. முதலில் பிரேக், அப்புறம் ஸ்டியரிங், அப்புறம் ஒயரிங். எஞ்சின் கடைசி.

பிப்ரவரி 4

"எஞ்சின் மாற்றுவது அந்தக் காலத்துக்கே செய்யும் துரோகம்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

கமாரோ அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸே கட்டுப்பாடு வைத்திருந்தது. பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் என்ற ஊரில் டான் யெங்கோ என்ற டீலர், புதுக் கமாரோவை வாங்கி, அதிலிருந்த எஞ்சினை இறக்கிவிட்டு 427-ஐ ஏற்றி விற்றார். கார் வாங்கிய அன்றே எஞ்சின் மாறியிருந்தது. பிறகு 69-இல், மொத்த ஆர்டர்களுக்கென்று இருந்த கோபோ என்ற பின்வாசல் வழியாக ஆலையே 427-ஐ மாட்டிக் கொடுத்தது. இசட்எல்1 வந்ததும் அந்த வழியில்தான். இல்லினாய்ஸில் ஃப்ரெட் கிப் என்ற டீலர் ஐம்பது கார் ஆர்டர் கொடுத்தார். எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் விலை வந்தது. அவரால் விற்க முடியாமல் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இன்று அதே கார்களை ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்கள்.

ஆகவே எஞ்சின் மாற்றுவது இந்தக் கார்களின் பரம்பரைப் பழக்கம். மாற்றலாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதை வெட்டி மாற்றுகிறோம் என்பதில்தான் என் கவலை.

பிப்ரவரி 6

பிரேக்கை ஏன் முதலில் வைத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரை வாங்கிய புதிதில் ஆன் ஆர்பரிலிருந்து எம்-14 சாலையில் வந்துகொண்டிருந்தேன். லேசான தூறல். முன்னால் போன டிரக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. பெடலை மிதித்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் இடது முன் சக்கரம் மட்டும் கவ்விக்கொண்டது. நீளமான அந்த பானட் பக்கத்து லேனை நோக்கித் திரும்பியது. ஸ்டியரிங்கை வலதுபுறம் இழுத்துப் பிடித்தபடி, பெடலை விட்டு விட்டு மிதித்து, ஒருவழியாக நிறுத்தினேன். பக்கத்து லேனில் யாரும் இல்லாததால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்த்தேன். எதுவும் கெட்டுப்போகவில்லை. லைனிங் இருந்தது, வீல் சிலிண்டர் ஒழுகவில்லை. டிரம் பிரேக்கின் சுபாவமே அப்படி. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கிறது. ஒரு பக்கம் ஈரமாகி மறுபக்கம் காய்ந்திருந்தால், அந்தச் சின்ன வித்தியாசமும் அப்படியே பல மடங்காகிறது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் வேறு தொல்லை. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் கீழே இறங்கிக்கொண்டே வரும். டிஸ்க்கில் சூடு ஏறினால் தகடு பேடை நோக்கித்தான் தடிக்கிறது. மழைத் தண்ணீரையும் சுழற்சியே வீசி எறிந்துவிடும்.

இது செவர்லேவுக்கும் தெரிந்ததுதான். 69-இல் முன் சக்கர டிஸ்க்கைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் கார்வெட்டின் டிஸ்க் வேண்டும் என்றால் அதற்கு ஜேஎல்8 என்று தனிக் குறியீடு இருந்தது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். மற்றவர்கள் அந்தப் பணத்தை எஞ்சினிலும் கோடு போட்ட பெயின்டிலும் போட்டார்கள்.

அன்று ஆலையில் வாங்கியிருக்கக்கூடிய ஒரு பாகத்தை இன்று மாட்டுவதை எந்த நியாயத்தில் அழிப்பு என்பது?

பிப்ரவரி 6, சற்றுப் பின்

விட்டுப்போனது. முன் டிஸ்க் மட்டும் போட்டால் போதும், ஆனால் டிஸ்க்கை மட்டும் வாங்கி மாட்டாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் வேண்டும். வால்வு இல்லாவிட்டால் பின் டிரம் முந்திக்கொண்டு பூட்டும், வண்டியின் வால் சுழலும். பழைய 14 அங்குல டிரம் ரிம் பல சமயம் பேடைப் பிடிக்கும் காலிப்பருக்கு மேல் உட்காராது, டிஸ்க்குக்குப் பொருந்தும் ரிம் வேண்டிவரும். கால் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வைப்பதானால் எஞ்சினில் போதிய வாக்குவம் இருக்க வேண்டும். முரட்டு கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் ஐடிலில் வாக்குவம் குறைந்து, சிக்னலில் பெடல் கல்லாக நிற்கும்.

கழற்றிய டிரம், ஷூ, ஸ்பிண்டில் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிச் சீட்டு எழுதி அட்டைப்பெட்டியில் வையுங்கள். தூக்கிப் போடாதீர்கள்.

பிப்ரவரி 11

அதே ஓஹையோ விளம்பரத்தில் இப்போது "ஒரிஜினல் எஸ்எஸ்", அதாவது கமாரோவின் விலை கூடிய வேக ரகம், என்று சேர்த்திருக்கிறார்களாம். விலையும் ஏறியிருக்கிறதாம். இதைச் சும்மா விட முடியாது.

68 முதல் கமாரோவின் அடையாள எண் டாஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகப் படிக்கிற மாதிரி இருக்கும். 69-இல் அது 124379 என்று தொடங்கினால், செவர்லே, வி8, கூப், 1969. அடுத்து என் (N) என்ற எழுத்து இருந்தால் ஓஹையோவின் நார்வுட் ஆலை, எல் (L) என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். பிறகு வரிசை எண். அவ்வளவுதான். எஸ்எஸ்ஸா, இசட்/28-ஆ, 307-ஆ என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டராகப் பிறந்த கார், எனவே எஸ்எஸ் அல்ல என்று மட்டும் உறுதியாகத் தெரியும். எஸ்எஸ் பட்டை, கிரில்லில் ஒரு பேட்ஜ், பானட், இவை எல்லாமே புதிதாக விலைக்குக் கிடைக்கின்றன. அதனால்தான் செய்ததைவிட அதிக எஸ்எஸ் ரோட்டில் ஓடுகிறதோ என்று தோன்றுகிறது.

எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வாலில் ஒரு சின்னத் தகடு ரிவெட் அடித்திருக்கும். பெயின்ட் குறியீடு அதில்தான். 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு. நார்வுட்டில் செய்த பல 69 கார்களில் எக்ஸ் என்று தொடங்கும் ஒரு குறியீடும் உண்டு. எக்ஸ்-33, எக்ஸ்-77 இரண்டும் இசட்/28. தகடும் போலியாக வரும் என்பதால் ரிவெட்டையும் பாருங்கள்.

அடுத்தது எஞ்சின். பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கு அடியில், பிளாக்கின் மேல்முகம் தீப்பெட்டி அகலத்துக்கு வெளியே தெரியும். அழுக்கைத் துணியாலும் கரைப்பானாலும் மட்டும் துடையுங்கள், மணல்தாள் கூடவே கூடாது. டார்ச்சைப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். ஆலையில் அந்த முகத்தை இழைத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள், முடி முடியாக, ஒரே திசையில் ஓட வேண்டும். அந்தக் கோடுகளின் மேல் எழுத்து அடித்திருக்க வேண்டும். முதலில் எஞ்சின் ஆலை, தேதி, வகை. ஃப்ளின்ட்டில் செய்த இசட்/28 எஞ்சின் என்றால் முன்னால் வி, கடைசியில் டிஇசட். பக்கத்தில் காரின் வரிசை எண். கோடுகள் இல்லாமல் மழமழவென்று இருந்தாலோ, சுழி சுழியாகத் தேய்த்திருந்தாலோ, யாரோ பழைய எண்ணை அழித்துப் புதிதாக அடித்திருக்கலாம். அந்த முகத்தின் படத்தைக் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் எஸ்எஸ் விலை கொடுக்காதீர்கள்.

பிப்ரவரி 12

படம் பார்த்தேன். கோடுகள் தெளிவாக இருக்கின்றன, வரிசை எண்ணும் பொருந்துகிறது, வகை எழுத்து 307-க்கு உரியது. ஆக இது அசல் எஞ்சினோடு இருக்கும் அசல் சாதாரணக் கார். எஸ்எஸ் என்ற சொல்லை நீக்கச் சொல்லி, அதற்குரிய விலையில் பேசுங்கள்.

பிப்ரவரி 19

எஞ்சின் அசல் என்று தெரிந்ததும் எல்எஸ்3 பற்றி இன்னொரு முறை யோசித்தேன். 3-ஆம் தேதி "கடைசி" என்று மட்டும் சொன்னேன். இப்போது கேட்டால், முதல் இரண்டு வருடம் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

எல்எஸ்3-இன் குறையால் அல்ல. 376 கன அங்குலம், அலுமினிய பிளாக், 430 குதிரைசக்தி. அந்த 430-ஐ 1969-இன் எண்களோடு ஒப்பிடக் கூடாது. அன்று எஞ்சினைத் தனியாக மேஜையில் ஏற்றி, ஏர் கிளீனர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல்தான் காரில் இருப்பதுபோல எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண்ணை மட்டும் போடும் வழக்கம் வந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 71 கார்வெட் எல்டி-1-இல் தெளிவாகத் தெரியும். ஒரே எஞ்சினுக்குப் பழைய முறையில் 330, புதிய முறையில் 275. அப்படியானால் உங்கள் 307-இன் 200, இன்றைய கணக்கில் இன்னும் கீழே. அங்கிருந்து 430-க்கு ஒரே தாவலில் போனால் பின் ஆக்ஸில், கார்டன் ஷாஃப்ட், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர் எல்லாம் வரிசையாகச் செலவு கேட்கும். கார் லிஃப்டில் தொங்கியே கிடக்கும். பாதியில் நின்றுபோய் விலைக்கு வரும் கமாரோக்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

அதற்குப் பதில் பவர்கிளைடைக் கழற்றி ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் ஆட்டோமேட்டிக், 700ஆர்4 மாதிரி ஒன்றைப் போடுங்கள். முதல் கியர் 3.06. சிக்னலில் கிளம்பும்போதே வேறு கார் போல இருக்கும். கடைசிக் கியர் 0.70. ஆக்ஸில் 3.08, டயர் உயரம் 26 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 70 மைலில் பவர்கிளைடு எஞ்சினை 2,800 சுற்றில் கதறவிடும். ஓவர்டிரைவில் 1,950. இந்தக் காரில் நான் செய்த மாற்றங்களில் மனைவி தானாகவே முன்வந்து பாராட்டியது இது ஒன்றைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிகிறது.

அசல் பிளாக்கையும் காரில் வைத்தே ஓட்டலாம். எல்எஸ்3 எங்கும் ஓடிப்போகாது.

பிப்ரவரி 20

"அப்படியென்றால் எல்எஸ் வேண்டவே வேண்டாமா?" வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் போல்ட்டால் போடுங்கள். பழைய எஞ்சின் மவுண்டிலேயே உட்கார அடாப்டர் தகடு இருக்கிறது, முன்பக்க அடிச்சட்டமான சப்ஃப்ரேமை வெட்ட வேண்டியதில்லை. ஆயில் பேன் மட்டும் இந்தக் காருக்கென்று செய்ததாக வாங்குங்கள், இல்லையென்றால் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். கியர்பாக்ஸில்தான் கவனம். டி56 ஆறு கியர் அருமையான பொருள், ஆனால் அது உள்ளே போகத் தரையின் நடு மேட்டை வெட்டி உயர்த்த வேண்டும். அசல் எஞ்சினை உறையில் சுற்றி மூலையில் வைத்தாலும் வெட்டிய தரை திரும்பி வராது.

மார்ச் 2

ஒயரிங் பற்றிச் சுருக்கமாக. உங்கள் காரின் ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர். மின்விசிறி, ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஏசி எல்லாம் சேர்ந்தால் அது தாங்காது. ஐம்பது வயதுக்கு மேலான ஒயரின் உறை விரலில் வளைத்தால் பொடியாக உதிரும். அதோடு ஒட்டுப் போடாமல் முழு ஹார்னஸையும் புதிதாக வாங்குங்கள். பெட்ரோல் குழாயும் அப்படியே. இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர் அதில் ஊறி விரிசல் விடும். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் சூடான எக்ஸாஸ்ட் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயில்: இந்தக் காலத்து ஆயிலில் துத்தநாகச் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள். பழைய எஞ்சின்களில் இருக்கும் தட்டை டேப்பட் கேம் அது இல்லாமல் தேயும். பழைய எஞ்சினுக்கென்று விற்கும் ஆயிலை ஊற்றுங்கள்.

மார்ச் 5

வெளித்தோற்றம் பற்றிக் கேட்டவருக்கு. இது என் ரசனை, சட்டம் இல்லை.

69-இன் உடம்பு அந்த ஒரே வருடம்தான். சக்கர வளைவிலிருந்து பின்னோக்கி ஓடும் அந்த மடிப்புக் கோடு 67, 68-இல் கிடையாது. அதைப் பட்டி போட்டு மழுக்காமல் காப்பாற்றுவதுதான் டிங்கரிங் செய்பவருக்குச் சோதனை. என் காரை முதலில் கொடுத்த பட்டறையில் வலது கதவில் விரல் கனத்துக்குப் பட்டி அப்பியிருந்தார்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தது, கோடு மட்டும் கதவு முடியும் இடத்தில் உடைந்து அடுத்த தகட்டில் சற்றுக் கீழே தொடங்கியது. திரும்பவும் சுரண்டி, இரும்பிலேயே தட்டி நேராக்க வேறொருவரிடம் போனேன். இப்போது காலை வெயிலில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து கதவு தாண்டி ஒரே இழையாகப் போகிறது. அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கு எத்தனை குதிரைசக்தியும் ஈடில்லை.

சக்கரம் 17 அங்குலம் வரை பொருந்திப் போகிறது. 20 போட்டால் கார் வண்டிச்சக்கரத்தில் ஏறி நிற்கிற மாதிரி எனக்குப் படுகிறது. உள்ளே டாஷ்போர்டை அப்படியே விடுங்கள். ரேடியோ முகப்பு பழையது, உள்ளே ப்ளூடூத், இதெல்லாம் நல்ல மேம்பாடு. தொடுதிரை வேண்டாம்.

சீட் பெல்ட்டில் மட்டும் பழமை பார்க்காதீர்கள். 69-இல் தோள் பெல்ட் தனி, இடுப்பு பெல்ட் தனி. தோள் பெல்ட் கூரையில் செருகிக் கிடக்கும், யாரும் எடுத்து மாட்டவே மாட்டார்கள். தானாகச் சுருளும் மூன்று முனை பெல்ட் போடுங்கள்.

மார்ச் 17

டெட்ராய்ட் பக்கத்து வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் திருவிழா பற்றி ஒருவர் எழுதியதைப் படித்ததும் பழைய நினைவு. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை. 1995-இல் ஃபெர்ன்டேலில் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இப்போது சாலை முழுக்கக் கார். அங்கே ஒரு பெரியவர் என் காருக்குப் பக்கத்தில் வந்து பானட்டைத் திறக்கச் சொன்னார். 307-ஐப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "எல்லாரும் பெரிய எஞ்சினான 396 என்று பொய் பேட்ஜ் ஒட்டுகிறார்கள். என் அப்பா ஓட்டியது இதைத்தான்" என்றார். குனிந்து முன் டிஸ்க்கைப் பார்த்து, "இது அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்ட அந்த மனிதரைப் போன்றவர்களோடு பேசத்தான் நான் அங்கே போகிறேன்.

மார்ச் 18

"போல்ட்டால் மட்டும்" என்ற என் விதிக்கு ஒரு விலக்கு கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கமாரோவில் முன் பாதிக்கு மட்டும்தான் அடிச்சட்டம். அது ரப்பர் வைத்து உடம்போடு போல்ட் போடப்பட்டிருக்கிறது. பின் பாதி அடிச்சட்டம் இல்லாத தகட்டுக் கூடு. வளைவில் இரண்டும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளும், கதவு இடுக்கில் அந்தச் சத்தம் கேட்கும். இரண்டையும் இணைக்கும் சப்ஃப்ரேம் கனெக்டரை வெல்டிங் செய்தால் நன்றாக இறுகும், போல்ட்டில் வருவதும் உண்டு. நான் போல்ட் வகை போட்டேன், முதலில் ரப்பரை மாற்றிவிட்டு. ரப்பரை மாற்றியதிலேயே பாதிச் சத்தம் நின்றது. தினமும் ஓட்டும் 307 காருக்கு இது போதும். ரேஸ் டிராக்கில் விரட்டப் போகிறவர் வெல்டிங் செய்வதை நான் தடுக்க மாட்டேன். அவருடைய தேவை வேறு.

ஏப்ரல் 6

சனிக்கிழமை கார் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்துப் போக வேண்டியவை: காந்தம், டார்ச், பழைய போர்வை, ஐந்து லிட்டர் தண்ணீர்.

போர்வையை விரித்துக் கீழே படுத்து தரையையும் டிரங்க் அடியையும் பாருங்கள். பின் சக்கரத்துக்கு மேல், பின் கண்ணாடியின் கீழ் மூலை, இந்த இடங்களில் காந்தம் ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டிதான். கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் விளிம்பை அழுத்துங்கள், மொறுமொறுவென்றால் அடியில் துரு.

முக்கியமானது தண்ணீர். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் காற்று போகும் கம்பித் துளைகள் இருக்கும். அவற்றில் மெதுவாக ஊற்றுங்கள், நண்பரை உள்ளே கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கதவுக்கு முன்னால் இருக்கும் துளை வழியாகத் தரையில் வடிந்தால் நல்லது. உள்ளே சொட்டினால் அந்தத் துளைகளுக்கு அடியிலிருக்கும் கௌல் என்ற தகட்டுப் பெட்டி அரித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய முன் ஃபெண்டர், கண்ணாடி, டாஷ்போர்டு எல்லாம் கழற்றி, புள்ளி வெல்டுகளைத் துளைத்து எடுக்க வேண்டும். பிரேக், கியர்பாக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு அதில் போய்விடும்.

சொட்டினால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், வேறு கார் பாருங்கள். சொட்டாவிட்டால் ஃபயர்வால் தகட்டின் படத்தை இங்கே போடுங்கள், என்ன கலரில் பிறந்தது என்று பார்த்துவிடலாம்.